கிரெடிட் கார்டு பாக்கி: அசல் அமானத், மிரட்டல் அநீதி



வட்டியைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் நிறையவே பேசுகிறோம். அந்தப் பேச்செல்லாம் அதில் விழக்கூடாது என்பதைப் பற்றியது. விழுந்துவிட்டவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. வேலை போனதால் கார்டு பாக்கியைக் கட்டாமல் விட்டவர். நான்கைந்து ஆண்டுகள் கழித்து முன்பின் அறியாத எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியவர். மக்ரிப் தொழுகைக்கு நிற்கும்போதும் சட்டைப்பையில் கைபேசி அதிர்வதை எண்ணிக்கொண்டிருப்பவர். இப்படிப்பட்டவர்கள் நம் மஹல்லாக்களில் நாம் நினைப்பதைவிட அதிகம். வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுக்கு நம்மவர்கள் சொல்லும் ஆறுதல் இரண்டு வகை. வட்டி ஹராம், வங்கி வட்டிக்கடை, ஆகவே அவனுக்கு ஒரு பைசாவும் கட்டத் தேவையில்லை என்பார் ஒருவர். மானம் பெரிது, நகையை விற்றாவது, வேறோர் இடத்தில் வாங்கியாவது, அவன் கேட்பதைக் கொடுத்துத் தொலை என்பார் மற்றவர். இரண்டுமே பிழை என்பது நம் கருத்து. முதலாவது கடனாளியை மறுமையில் மாட்டிவிடுகிறது. இரண்டாவது அவரை இம்மையில் இன்னொரு வட்டிக்காரரிடம் ஒப்படைக்கிறது.

முதலில் அசலை எடுத்துக்கொள்வோம். கார்டைத் தேய்த்துக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம், மருத்துவமனைக் கட்டணம் செலுத்தினோம். அந்தப் பணத்தை நம் சார்பில் வங்கி கொடுத்தது. கொடுத்தவர் யார், அவருடைய மார்க்கம் என்ன, தொழில் என்ன என்பதைப் பொறுத்து அந்தக் கடமை மாறாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. கடன் கொடுத்தவர் வேற்று மார்க்கத்தவர் என்பதால் கடன் இல்லாமல் போய்விடும் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. அல்லாஹ்வின் பாதையில் உயிர்நீத்த ஷஹீதுக்குக்கூட மற்றவை மன்னிக்கப்படும், கடன் மன்னிக்கப்படாது என்று முஸ்லிம் நூலின் அறிவிப்பு எச்சரிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்பதும் நபிமொழியே. ஆகவே அசலை ஏப்பம் விடுவதற்கு வட்டி ஹராம் என்ற வாதத்தைக் கேடயமாக ஏந்துவது, மார்க்கத்தைக் கொண்டே மார்க்கத்தை ஏமாற்றும் முயற்சியாகும்.

வட்டியின் நிலை வேறு. வட்டியை விட்டுவிடுமாறு கட்டளையிடும் திருக்குர்ஆன் (2:278, 279), கடன் கொடுத்தவருக்கு அவருடைய மூலதனம் உண்டு என்று வரையறுக்கிறது. அநீதி செய்வதும் கூடாது, அநீதிக்கு ஆளாவதும் கூடாது என்று இரு பக்கமும் பேசுகிறது. இந்த இரண்டு பக்கமும் நமக்கு முக்கியம்.

கார்டு வட்டி எப்படி வளர்கிறது என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. நம் நாட்டில் மாதம் 3.5 சதவீதம் என்பது பழக்கத்தில் உள்ள விகிதம். 50,000 ரூபாய் பாக்கி உள்ளவர், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்ற கணக்கில் 2,500 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் வட்டி 1,750 ரூபாய். வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். அசலில் கழிவது 435 ரூபாய். தவறாமல் கட்டியவரின் நிலையே இது. கட்டாமல் விட்டவருக்கு அதே 50,000, தாமதக் கட்டணமும் வரியும் சேராமலே, கூட்டு வட்டியில் மூன்றாண்டில் 1,72,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே விகிதம் அதிகம் என்று மட்டும் சொல்லி வழக்கில் தப்பலாம் என்று எண்ண வேண்டாம். (ஓஐசியின் கீழ் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில், வட்டி நிபந்தனை உள்ள கார்டை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் வாங்கக்கூடாது என்று தீர்மானித்தது. சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடுவோம் என்று துணிந்து இறங்கியவர்களே இன்று இந்தக் கட்டுரைக்கு உரியவர்கள்.)

ஆகவே வசூல்காரர் சொல்லும் தொகையைக் கேட்டு மலைக்கும் முன் நம் கணக்கை நாமே எழுதிப் பார்க்க வேண்டும். பழைய அறிக்கைகளை வங்கியிடம் கேட்டு வாங்கலாம். வாங்கிய பொருள்கள், எடுத்த ரொக்கம், ஆண்டுக் கட்டணம் ஆகியவை ஒரு பக்கம். இதுவரை கட்டியவை அனைத்தும் மறுபக்கம். கழித்தால் வருவதே அல்லாஹ்வின் முன் நம் தலையில் நிற்கும் அசல். சிலருக்கு இந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சாது. வாங்கியதைவிடக் கூடுதலாக ஏற்கெனவே கட்டியிருப்பார்கள். நீதிமன்றம் இப்படிப் பார்க்காது, ஒப்பந்தத்தையே பார்க்கும். ஆனால் மனத்தில் இருக்கும் பாரம் எவ்வளவு, காகிதத்தில் இருக்கும் பாரம் எவ்வளவு என்று பிரித்தறிந்தவர் பேரம் பேசும்போது தடுமாற மாட்டார். தம் கணக்கை ஓர் ஆலிமிடம் காட்டி உறுதி செய்துகொள்வதும் நல்லது.

இனி, பழைய பாக்கி என்பதில் உள்ள பழைய என்ற சொல்லுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்றாண்டுகள்தாம் அவகாசம். அந்தக் காலத்துக்குள் கடனாளி எழுத்தில் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ, எழுத்துச் சான்றோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். முகவர் ஓர் ஐந்நூறாவது போடுங்கள், கணக்கு உயிரோடு இருக்கட்டும் என்று கெஞ்சுவதன் பொருள் பல நேரங்களில் இதுவே. காலம் கடந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கையொப்பமிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். பேனாவை எடுக்கும் முன் இதை அறிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். மூன்றாண்டு எண்ணிக்கொண்டு பதுங்கியிருப்பது முஃமினுக்கு அழகா? அழகல்ல. காலவரையறை நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறதே தவிர, கடன் தீர்ந்துவிட்டது என்று அந்தச் சட்டமே சொல்லவில்லை. ஷரீஅத்தோ காலம் கடந்தால் கடன் அழியும் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. பின் எதற்கு இந்தச் சட்டத்தை அறிய வேண்டும்? வட்டிக்கு எதிராகப் பேரம் பேசும் வலிமைக்காக. வழக்குப் போட முடியாத நிலையில் உள்ள வங்கி, அசலை ஒட்டிய தொகைக்கு இறங்கி வர வாய்ப்பு அதிகம். அந்த வலிமையை அசலைக் கொடுப்பதற்குப் பயன்படுத்துகிறவர் ஏமாற்றுக்காரர் அல்லர்.

சமரசத்துக்கு நம்மிடம் அழகிய முன்மாதிரி ஒன்று உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) கடன் கொடுக்க வேண்டியிருந்தது. மஸ்ஜிதுந் நபவியில் கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். அடுத்த நொடியில் மற்றவரைப் பார்த்து, எழுந்து சென்று கொடுத்துவிடுமாறு கூறினார்கள். புகாரியில் உள்ள இந்த நிகழ்ச்சியில் நம்மை அதிகம் கவர்வது அந்த இரண்டாவது கட்டளை. தள்ளுபடி கிடைத்த பிறகு தாமதத்துக்கு இடமில்லை.

இன்று வங்கிகள் ஒன்-டைம் செட்டில்மெண்ட் என்று சொல்வதும் கொடுப்பவரும் வாங்குபவரும் இசைந்து முடிக்கும் சுல்ஹுதான். ஆனால் அதை வாய்ப்பேச்சில் முடிக்கக்கூடாது. கடன் விவகாரத்தை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். இவ்வளவு தொகை, இந்தத் தேதிக்குள், இத்துடன் முழுக் கணக்கும் முடிகிறது என்ற கடிதம் வங்கியிடமிருந்து முதலில் வர வேண்டும். பிறகுதான் பணம். அதுவும் வங்கியின் கணக்குக்கு நேராக. முகவரின் ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் கூடாது. கட்டிய பின் பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். கடன் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்று யாரேனும் வந்தால், விற்றதற்கான வங்கியின் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். சிபில் அறிக்கையில் முழுதும் கட்டி முடித்ததாக இன்றி செட்டில்டு என்றே பதிவாகும், பின்னால் கடன் கிடைப்பது கடினமாகும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான். வட்டிக்கடன் இனி எளிதில் கிடைக்காது என்பதைக் கேட்டு நாம் அழ வேண்டுமா என்ன!

லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அது தண்டனை மன்றம் அன்று, சமரச மன்றம். கட்டணம் இல்லை. இரு தரப்பும் இசைந்தால் மட்டுமே உத்தரவு. இசைந்துவிட்டால் அதுவே நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஆகவே கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் இசைய வேண்டும். பெண்களும் வருமானம் குறைந்தவர்களும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும்.

வசூல்காரரின் நடத்தைக்கு வருவோம். ஒருவர் நபி (ஸல்) அவர்களிடமே வந்து தம் கடனைக் கடுமையாகக் கேட்டார். தோழர்கள் அவரை அடக்க முனைந்தபோது, உரிமை உடையவருக்குப் பேச உரிமை உண்டு, விட்டுவிடுங்கள் என்று தடுத்து, அவர் கொடுத்ததைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள். ஆகவே கேட்பவர் கொஞ்சம் கறாராகக் கேட்டால் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் பேசும் அந்தப் பையன் பல நேரங்களில் இலக்கு முடிக்காவிட்டால் சம்பளம் குறையும் நிலையில் உள்ளவன். நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அவனைத் திட்டுவதால் நம் கடன் குறையாது.

ஆனால் கேட்பது வேறு, வேட்டையாடுவது வேறு. கடன் பெற்றவரை வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டுள்ளது. அதே ஆண்டு வெளியிட்ட கார்டு விதிகளில், சொல்லாலோ செயலாலோ மிரட்டுவது, பொதுவில் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரைத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவது, பெயர் சொல்லாமல் அழைத்து அச்சுறுத்துவது எல்லாமே தடுக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். மச்சானுக்கும் மாமியாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அழைத்துக் கடனைச் சொல்பவர் இந்த எல்லையைத் தாண்டிவிட்டார். அடியாட்களை வைத்து வசூலிக்கக்கூடாது, சட்ட வழியே வழி என்று உச்ச நீதிமன்றமும் 2007இல் கண்டித்திருக்கிறது.

அழைத்த தேதி, நேரம், எண், பேசிய சொற்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் இணையம் வழியாகவோ தபாலிலோ இலவசமாக முறையிடலாம். முகவர் செய்த தவறுக்கு வங்கியே பொறுப்பு. அடிப்பேன், தூக்குவேன் என்ற மிரட்டல் வந்தால் அது காவல் நிலையத்துக்குரிய விஷயம்.

வாட்ஸ்அப்பில் நீதிமன்ற முத்திரை போன்ற ஒன்றோடு வரும் கைது வாரன்ட்டுகளைக் கண்டு எத்தனை உம்மாக்கள் மயங்கி விழுந்திருப்பார்களோ! கார்டு பாக்கி உரிமையியல் விவகாரம். பாக்கி வைத்ததற்காக மட்டும் போலீஸ் வந்து கைது செய்ய முடியாது. நாம் கொடுத்த காசோலை திரும்பியிருந்தால் அது வேறு வழக்கு, 138ஆம் பிரிவு. மோசடி செய்து கார்டு வாங்கியிருந்தால் அதுவும் வேறு. உண்மையான நீதிமன்றச் சம்மன் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. கால வரையறை கடந்துவிட்டது என்பதையும் நேரில் போய்ச் சொன்னால்தான் நன்மை.

வளைகுடாவில் கார்டு பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதி இப்போது பழங்கதை. ஐக்கிய அரபு அமீரகத்தின் உரிமையியல் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றங்கள் வழியாகவே நிறைவேற்றலாம் என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் அறிவித்துவிட்டது. அங்கே தீர்ப்பு வந்துவிட்டதா என்பதை அறியாமல், இங்கிருந்து அழைக்கும் முகவர் சொல்வதை மட்டும் நம்பி எதிலும் கையொப்பமிட வேண்டாம். அந்த வங்கிக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கணக்கைக் கேளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, மிகவும் கடினமான படி வீட்டுக்குள்தான் இருக்கிறது. கணவனுக்குக் கார்டு கடன் இருப்பதை மனைவி முதன்முதலில் அறிவது ஓர் அந்நியனின் வாயால் என்றால், அதைவிடக் கொடுமை வேறில்லை. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாவல் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகம் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மீறுகிறான் என்றார்கள். கடன் வீட்டில் செய்யும் முதல் வேலை இதுவே. அடுத்த வாரம் கட்டுகிறேன் என்று வங்கியிடம் ஒரு பொய், கம்பெனி அழைப்பு என்று மனைவியிடம் ஒரு பொய், பணம் வரவேண்டியிருக்கிறது என்று வாப்பாவிடம் ஒரு பொய். வீட்டாரிடம் தொகையைச் சொல்லிவிட்டவரை மிரட்ட முகவரிடம் பாதி ஆயுதம் இல்லாமல் போகும். கேட்கும் மனைவியும் பெற்றோரும் அன்றிரவே விசாரணை நடத்தாமல், கணக்கு நோட்டை எடுத்து உட்காருவது நன்று. கடன் அவமானத்தால் உயிரை விட நினைப்பவர் யாரேனும் இருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள். 104 என்ற எண்ணை அழையுங்கள். எந்த வங்கிப் பாக்கியும் அல்லாஹ் தந்த உயிருக்கு ஈடாகாது.

கடனாளி இறந்துவிட்டால்? சொத்தைப் பங்கிடும் முன் கடனைத் தீர்க்குமாறு திருக்குர்ஆன் (4:11) கூறுகிறது. விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளின் பொறுப்பு; நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மையித்தை அடக்கிய வீட்டில் விதவையிடம் கையொப்பம் கேட்டு நிற்கும் முகவருக்கு அவர் சொந்தப் பணத்திலிருந்து எதுவும் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பிள்ளைகள் விரும்பித் தந்தையின் பாரத்தை இறக்கினால் அது பெரும் நன்மை. உஹதில் ஷஹீதான தந்தையின் கடனை ஜாபிர் (ரலி) தீர்த்துவைத்தது நமக்குத் தெரியும்.

கடைசியாக ஜமாஅத்தார்களிடம். கடன் பாக்கியோடு வந்த ஜனாஸாவுக்குத் தாம் தொழுவிக்காமல் ஒதுங்கி நின்ற நபி (ஸல்) அவர்கள், அபூகதாதா (ரலி) பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் வெற்றிகள் வந்து வசதி பெருகியபோது, கடன் விட்டு இறப்பவரின் கடனுக்குத் தாமே பொறுப்பு என்று அறிவித்தார்கள். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் ஒருவர் (9:60). ஆனால் நாம் அறிந்தவரை நம் பைத்துல்மால்கள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கொடுக்கின்றனவே தவிர, கடனாளி வந்து நின்றால் உபதேசம் சொல்லி அனுப்புகின்றன. ஆடம்பரத்துக்குத் தேய்த்தவனுக்கு ஜகாத்தா என்ற தயக்கம் நியாயமானதே. தவ்பா செய்து, கார்டை ஒழித்துவிட்டு, வருமானக் கணக்கையும் காட்டுபவருக்கு அந்தத் தயக்கம் பொருந்தாது. வட்டிக்கு ஜகாத் பணம் போகக்கூடாது என்ற கவலைக்கும் வழியிருக்கிறது. அசலைத் தாண்டாத செட்டில்மெண்ட் கடிதம் வந்த பிறகு, கடனாளியின் சம்மதத்தோடு பைத்துல்மாலே வங்கிக்கு நேராகக் கட்டிவிடலாம். செய்தி தலைவர், செயலாளர் ஆகிய இருவரோடு நிற்கட்டும். பாக்கி இல்லை என்ற சான்றின் நகல் ஒன்று அலுவலகக் கோப்பில் இருந்தால் போதும். ஆண்டறிக்கையில் கடன் தீர்த்தவகை என்று தொகை மட்டும் அச்சாகட்டும், பெயர் வேண்டாம்.